மத்தியானச் சங்கு

கச்சிராயபாளையத்தில் வீடு, கள்ளக்குறிச்சியில் வேலை, கல்வராயன் மலையில் உயிர். கோகிலவாணியை இப்படிச் சொல்லிவிடலாம். உயிர் என்றது அவள் புருஷன் வீரமணியை. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் வண்டிக்கு டிரைவர். வழியில் ஓர் ஓடை, அதன்மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைப்பாலம்.

ஓடையின் மேல்பக்கம் தண்ணீர் உயர்ந்தால் அங்கிருக்கும் கருவி செய்தி அனுப்பும். அது நேரே யாருக்கும் போகாது. நடுவில் புரோக்கர் என்றொரு மென்பொருள் அதை வாங்கி, இந்தச் செய்தி எனக்கு வேண்டும் என்று பதிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கும். வெள்ளம் வந்தால் ஊதி எச்சரிக்கும் பாலத்துச் சங்கு அப்படிப் பதிந்த ஒன்று. புரோக்கரை அமைத்துப் பார்த்துக்கொள்வது கோகிலவாணி. தினமும் மத்தியானம் சோதனைக்காகச் சங்கு ஒருமுறை ஊதும்.

பாலத்தருகே ஆடு மேய்க்கும் வெள்ளச்சிக்கு அதுதான் தொல்லை. அவ்வழி வந்த வீரமணியின் போனை வாங்கிக் கோகிலவாணியிடமே பேசிவிட்டாள்.

"எம்மா, ஊதறப்பல்லாம் ஆடுங்க மெரண்டு கொல்லையில பூந்துடுது. மத்தியானத்துது மட்டும் வாணாம்மா."

நியாயம்தானே என்று கோகிலவாணி, யாருக்கு எந்தச் செய்தி போகலாம் என எழுதியிருந்த கோப்பில் ஒரு வரியை எடுத்துவிட்டாள். சோதனைக்கு மட்டுமான வரி என்று நினைப்பு. வெள்ளம், சோதனை என்று பாலத்துச் செய்தி அத்தனைக்கும் அந்த ஒரே வரிதான். புரோக்கர் முணுமுணுக்கவும் இல்லை. வாங்க ஆளில்லாத செய்தியை அது சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். மத்தியானம் சங்கு ஊதவில்லை. வேலை முடிந்தது என்று நிம்மதியாகச் சாப்பிட்டாள், மகராசி.

அடுத்த வாரம் மலையில் மழை பிடித்துக்கொண்டது. திரையில் வெள்ளச் செய்தி வந்தது. பெற்றவர் என்ற இடத்தில் பூஜ்யம்.

வீரமணி கிழங்கோடு இறங்கும் நேரம். போன் போட்டாள்; தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்த வரியைத் திரும்ப எழுதினாள், எழுத்து தப்பியது, அழித்து எழுதினாள். புரோக்கரை நிறுத்தி மறுபடி ஓட்டி, வெள்ளச் செய்தியைத் தானே இன்னொரு முறை அனுப்பினாள். பெற்றவர்: ஒன்று. அதற்குள் வண்டி பாலத்தில் இறங்கியிருந்தால்? பக்கத்து மேசைக்காரர் என்னம்மா என்றார். அவள் மறுபடி போன் போட்டாள்.

வெகு நேரம் கழித்து வீரமணியே கூப்பிட்டான்.

"நடுப்பாலத்துல இருக்கறப்ப ஊதுது. இன்னா சங்கு இது, இவ்ளோ லேட்டான்னு திட்டிக்கினே வண்டிய பின்னால எடுத்தேன். கரையேறிப் பாக்கறேன், தண்ணியில பாலத்தையே காணோம். ஏன், நீ இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற?"

"ஒண்ணுமில்ல. வூட்டுக்கு வா, சொல்றேன்."

மறுநாளே மத்தியானச் சங்கு திரும்பிவிட்டது. வெள்ளச்சி அந்த நேரத்துக்கு ஆடுகளைக் கட்டிப்போடப் பழகிக்கொண்டாள். கோகிலவாணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெற்றவர் இடத்தில் ஒன்று விழும்வரை சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.