பிள்ளையாருக்குக் கீழே இருந்த கொம்பியூட்டர்

அந்தக் கொம்பியூட்டரைக் கெடுத்தது நீங்கள்தான். நானில்லை, அக்காவில்லை, கரண்ட் வெட்டுமில்லை. ஒரு சனிக்கிழமை ஒருவரிடமும் கேட்காமல் பெக்டரியில் இருந்த எல்லாக் கொம்பியூட்டர்களிலும் புது இயங்குதளத்தை ஏற்றினீர்கள். நீங்கள் ஐடி மனேஜர், செய்யலாம். ஆனால் குளிர் அறைக் கொம்பியூட்டருக்குள் என்ன கார்ட் செருகியிருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்தீர்களா? பார்க்கவில்லை.

விஷயம் தெரியாமல் வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். நான் வேலை செய்வது கொட்டாஞ்சேனையில், மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு பெக்டரியில். பராமரிப்புப் பகுதி. எங்கள் குளிர் அறைகளுக்குள் இருந்து பதினாறு வயர்கள் வந்து அந்தக் கார்டில் சேர்கின்றன. நிமிடத்துக்கு ஒரு தடவை எந்த அறை எவ்வளவு குளிர் என்று கார்ட் வாசிக்கும், கொம்பியூட்டர் பதிந்து வைக்கும். கார்டைச் செய்த கம்பனியை எப்போதோ மூடிவிட்டார்கள். பழைய இயங்குதளத்தோடு மட்டும்தான் அது கதைக்கும். புதியதோடு கதைக்க வைக்கும் மென்பொருள் எங்கும் இல்லை. நான் தேடிப் பார்த்தவள்.

திங்கட்கிழமை காலை. வெள்ளவத்தையில் பஸ் ஏறி, வழி முழுக்க நின்றுகொண்டே வந்து இறங்கி உள்ளே போனால், திரையில் பதினாறு கோடுகள். எண் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் அக்கா நிற்கிறார்.

அக்காதான் தரக் கட்டுப்பாடு. முகத்துவாரத்துப் பெண். அப்பாவும் தம்பிமாரும் கடலுக்குப் போகிறவர்கள். மீனின் கண்ணைப் பார்த்தே பிடித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். ஆனால் வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்குக் காகிதம் வேண்டும். புதன்கிழமை இரண்டு மணிக்குச் சூரை மீன் கொள்கலன் ஏற்ற வேண்டும். அதற்கு முந்திய நாற்பத்தெட்டு மணித்தியாலமும் குளிர் குறையவில்லை என்ற பதிவில் அக்கா கையெழுத்து வைக்க வேண்டும். கையால் எழுதியது செல்லாது. பதிவு இல்லாவிட்டால் மீன் போகாது, மீன் போகாவிட்டால் நீ வீட்டுக்குப் போ என்று முதலாளி அக்காவிடம் காலையிலேயே சொல்லிவிட்டார். ஆகவே அன்று பகல் இரண்டு மணிக்குள் கார்ட் வாசிக்கத் தொடங்க வேண்டும். அப்போது நேரம் ஒன்பதரை.

உங்களுக்கு போன் எடுத்தேன். நீங்கள் கம்பனி வேனில் கொலன்னாவைக் களஞ்சியத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பழைய டிஸ்க்கை அழித்தாயிற்று, பாவிக்காமல் கிடந்த பழைய கொம்பியூட்டர் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன, லிஸ்டில் டிக் போட்டிருக்கிறேன் என்றீர்கள். பத்து நிமிடத்தில் பெக்டரியின் வட்ஸ்அப் குறூப்பில் உங்கள் செய்தி விழுந்தது: "குளிர் அறை கார்ட் பழுது. பராமரிப்புப் பகுதியின் கவனயீனம். தரக் கட்டுப்பாடும் கவனிக்கவில்லை." முதலாளி அதற்குக் கட்டைவிரல் போட்டார்.

அக்கா வாசலுக்குப் போய் அந்தோனியாருக்கு முன்னால் நின்றார். சண்டை பிடிக்க ஆள் கிடைக்காமல் நானும் பின்னால் போனேன்.

எங்கள் வாசலில் மூன்று பேர் இருக்கிறார்கள். பிள்ளையார், புத்தர், அந்தோனியார். முன்பு ஒரு பலகைத் தட்டில் இருந்தார்கள். தட்டு உடைந்தபோது யாரோ ஒரு பெட்டியைக் கிடையாக வைத்து, சிவப்புத் துணி விரித்து, மூவரையும் மேலே ஏற்றிவிட்டார்கள். அது என்ன பெட்டி என்று வருடக்கணக்காக ஒருவரும் யோசிக்கவில்லை. அன்று துணி ஒரு பக்கம் விலகியிருந்தது. மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக். ஒரு பட்டன். குனிந்து பார்த்தேன். குளிர் அறைக்கு முதன்முதல் வாங்கியபோது, ஒன்று பழுதானால் மற்றது என்று இரண்டு கொம்பியூட்டர் தந்தார்கள். இது அந்த மற்றது. அதே மென்பொருள், அதே பழைய இயங்குதளம். உங்கள் லிஸ்டில் இது வரவில்லை. தினமும் காலையில் இதற்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நீங்கள் உள்ளே போவீர்கள்.

நான் துணியில் கை வைத்ததும் வாசலில் காவல் இருக்கும் வோச்சர் ஐயா ஓடிவந்தார். "எப்பா மிஸ், பவ்." வேண்டாம், பாவம் என்கிறார். அவருக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். கடைசியில் அவரவர் சாமியை அவரவர் தூக்குவது என்று முடிவானது. வோச்சர் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, புத்தரை இரண்டு கையாலும் எடுத்தார். அந்தோனியாரை அக்கா எடுத்தார். பிள்ளையாருக்கு நான். கணக்குப் பகுதி ஐயா எட்டிப் பார்த்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று விசாரித்தார். பாணும் மீன் குழம்பும் என்றேன்.

"மச்சம் சாப்பிட்ட கையால பிள்ளையாரைத் தொடுறதோ?"

"ஐயா, இவர் மீன் பெக்டரிப் பிள்ளையார். இவருக்கு முன்னால ஒரு நாளைக்கு எத்தனை லொறி போகுது. என்ர ஒரு துண்டுதான் அவருக்குப் பெரிசோ?"

ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையையாவது கழுவு என்றார். கழுவினேன்.

மூவரையும் வைக்கச் சுத்தமான மேசை ஒன்று வேண்டும். முழு பெக்டரியிலும் காகிதம் ஒன்றுகூட இல்லாமல் இருந்த மேசை உங்களுடையதுதான். அங்கேதான் வைத்தோம்.

பெட்டியைக் குளிர் அறை வாசலுக்குத் தூக்கிப்போய்த் திறந்தால் உள்ளே காய்ந்த பூ, ஊதுபத்திக் குச்சி, விளக்கிலிருந்து ஒழுகிய எண்ணெய், கரப்பான் குடும்பம் ஒன்று. தூரிகையால் தட்டினேன், குளிர் அறைக் கொம்பியூட்டரிலிருந்து கழற்றிய கார்டைச் செருகினேன், சுவிட்சைப் போட்டேன். மின்விசிறி இருமியது. பிறகு சுற்றியது. பின்பக்கத்தால் ஒரு புகை மாதிரி திருநீறு பறந்து நேரே அக்காவின் முகத்தில் அடித்தது. நெற்றி, மூக்கு, கண்ணாடி எல்லாம் வெள்ளை.

"எடியே, பாதர் இல்லாமலே சாம்பல் பூசியாச்சு. திங்கட்கிழமையே விபூதிப் புதன் வந்திட்டுது," என்றார் அக்கா.

அவ்வளவுதான். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த எல்லாம் சிரிப்பாக வந்தது. வோச்சர் எங்களுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

திரை வந்தது. ஆனால் திகதி பிழை. உள்ளே இருக்கும் காசு வடிவப் பட்டரி செத்துப்போய், கொம்பியூட்டர் தான் பிறந்த வருடத்துக்கே திரும்பியிருந்தது. திகதியைத் திருத்தினாலும், கரண்ட் ஒரு தடவை நின்றால் மறுபடி அங்கேதான் போகும். அப்படி ஒரு பதிவை எந்தப் பரிசோதகர் ஏற்பார்? நேரம் ஒன்று பத்து. கடைத்தெருவுக்கு ஓடித் திரும்ப நேரமில்லை. பிள்ளையாரிடமே கேட்போம் என்று உங்கள் மேசைக்குப் போனேன். அவருடைய காலடியில் உங்கள் கார்ச் சாவி இருந்தது. ரிமோட் உள்ள சாவி. அதற்குள் அதே அளவுப் பட்டரி.

யோசிக்கவில்லை. கழற்றினேன், போட்டேன், திகதியைத் திருத்தினேன். ஒரு வயரின் நுனியை மீன் பெட்டி ஐஸ் போட்ட தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். பூச்சியம் காட்டியது. சரியான பூச்சியம். பதினாறையும் பூட்டினேன். ஒன்று நாற்பத்தாறுக்கு மைனஸ் இருபத்தொன்று, மைனஸ் இருபது, மைனஸ் இருபத்திரண்டு என்று எண்கள் வரிசையாக வந்தன. அக்கா என் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினார். திருநீறு முகத்தோடு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நாங்கள் ஆடிய ஆட்டத்தை வோச்சர் இன்றைக்கும் செய்து காட்டுகிறார்.

நாலு மணிக்கு நீங்கள் வந்து உங்கள் கதிரையில் உட்கார முடியாமல் மூன்று சாமிகளுக்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். பிறகு வெளியே போய்க் காரைப் பார்த்து ரிமோட்டை அமத்தி, அமத்தி, கையை உயர்த்தி அமத்தி, கிட்டப் போய் அமத்தியதையும் ஜன்னலால் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். நாங்கள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

புதன்கிழமை பதிவு முழுதாக இருந்தது. அக்கா கையெழுத்து வைத்தார், மீன் போனது, வேலை தப்பியது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, முன்யோசனையோடு ஒரு மாற்றுக் கொம்பியூட்டரை ஒதுக்கி வைத்திருந்தேன் என்றீர்கள். முதலாளி தலையாட்டினார். ஆனால் குறூப்பில் நீங்கள் போட்ட செய்தி அப்படியே இருக்கிறது. அதைக் காட்டி அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது இன்னும் அவருடைய கோப்பில் இருக்கிறது. இன்னொரு கடிதம் வந்தால் வீடு.

உங்கள் பட்டரியைக் கழற்றியவள் நான். எல்லாருக்கும் முன்னால் எழுதிவிட்டேன். நாளைக்கே புதுப் பட்டரி வாங்கித் தருகிறேன்.

நீங்களும் எழுதுங்கள். என்னிடம் தனியாக வந்து சொல்ல வேண்டாம், முதலாளியின் காதில் போடவும் வேண்டாம். அதே குறூப்பில், அந்தச் செய்திக்குக் கீழேயே எழுதுங்கள்: சனிக்கிழமை மூடியைத் திறந்து பார்த்தீர்களா, இல்லையா? அக்கா எதைக் கவனிக்கவில்லை? மாற்றுக் கொம்பியூட்டரை ஒதுக்கி வைத்தவர் நீங்கள் என்றால், அதன் மேல் யார் யார் இருந்தார்கள், இடப்பக்கத்திலிருந்து வரிசையாக, அதையும் எழுதுங்கள்.