ஊசி அக்காவின் பத்து விரல்கள்

வலது ஆள்காட்டி விரலை வைத்தாள். "மீண்டும் முயலவும்" என்றது வருகைப்பதிவுக் கருவி. நடுவிரலை ஊதி வைத்தாள். மறுத்தது. பின்னால் வரிசை நீண்டது.

"கால் கட்டைவிரலப் பதிஞ்சிருக்கலாம்லக்கா?" என்றான் எக்ஸ்ரே எடுப்பவன்.

"கேட்டேன்டா. நான் செருப்பக் கழட்டினா நீங்கல்லாம் லீவு போட்டுடுவீங்கன்னு விட்டுட்டாங்க."

ஏழாவது விரலில் பச்சை விளக்கு எரிந்தது.

மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள். எல்லோருக்கும் ஊசி அக்கா. பத்து வருடமாக இரு கைகளிலும் எக்ஸிமா. தோல் வெடித்து, உரிந்து, ரேகையே தேய்ந்துவிட்டது. தினம் எண்பது பேர், எண்பது முறை கை கழுவ வேண்டும். எண்பது முறையும் எரியும். சோப்பை மாற்றினாள், கையுறையை மாற்றினாள், மூன்று மருத்துவர்களை மாற்றினாள். "புருஷன்தான் பாக்கி. அதுக்கு எந்த டாக்டரும் சீட்டு எழுத மாட்டேங்கிறாங்க."

படுக்கும்போது களிம்பு பூசி, பருத்திக் கையுறை மாட்டிக்கொள்வாள். தூக்கத்தில் அதைக் கழற்றிச் சொறிவது யார் என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. கைக்கு எட்டாத முதுகு அரிப்புக்கு அம்மா இருந்தாள், போன மாதம் வரை. இப்போது கதவு நிலை. "அதுவும் அம்மா மாதிரியேதான், அசையாம நிக்குது" என்கிறாள். அதற்கு மட்டும் அவள் சிரிப்பதில்லை.

நரம்பு தேடுவதில் அவளுக்கு ஈடில்லை. எந்தக் கையில் எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருந்தாலும் விரல் போய் நிற்கும். ஆனால் நாற்காலியில் உட்காருபவர்கள் முதலில் பார்ப்பது அவள் கைகளைத்தான்.

"இது ஒட்டுமாம்மா?"

"கட்டின புருஷனுக்கே பத்து வருஷமா வரல. உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா வருமா?"

ஒருவர் இந்தப் பதிலையும் சேர்த்துப் புகார் எழுதிவிட்டார். மேலாளர் கூப்பிட்டார். "ஒண்ணாந்தேதியிலேருந்து ரெக்கார்டு ரூம். தண்ணி கிடையாது, தொந்தரவு கிடையாது. உங்க நல்லதுக்குத்தான்."

"ஃபைலுக்கு நரம்பு இருக்கா சார்?" என்று சிரித்துவிட்டு வந்தாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி ஊழியர்களுக்கு வருடாந்தர ரத்தப் பரிசோதனை. மேலாளர், கவனமாக, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் அவரது இடது கையில் இரண்டு முறை குத்தினாள். ஒரு சொட்டும் வரவில்லை. மூன்றாவது முறைக்கு முன் அவர் எழுந்து, பக்கத்தில் ஊசி அக்காவின் நாற்காலிக்கு வந்து, வலது கையை நீட்டினார்.

"கையுறை போட்டிருக்கேன் சார், பயப்படாதீங்க."

"பயமெல்லாம் இல்லம்மா."

ரப்பர் பட்டையைக் கட்டினாள். "உங்களுக்கு ரொம்ப உள்ள இருக்கு சார். அடுத்த வருஷம் யார்கிட்ட போவீங்க?"

"நீ மொதல்ல எடும்மா. அந்த ஆர்டரப் பத்தி அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா எப்ப சார்?"

அவர் கண்களை இறுக்க மூடியிருந்தார். நரம்பு அவள் விரலின் முதல் அழுத்தத்திலேயே அகப்பட்டுவிட்டது. ஆனாலும் அவள் ஊசியைக் கையில் எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.