டீச்சரின் மீற்றரும் என் காதும்

சென்ற வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கையில், என் கார் ஸ்டார்ட் ஆக மறுத்துவிட்டது.

இதில் என்ன செய்தி இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். கார் என்றால் ஒரு நாள் நிற்கும்தானே? நிற்கும். ஆனால் ஊரார் மயங்கி விழுவதும் வைத்தியர் மயங்கி விழுவதும் ஒன்றாகுமா?

எங்கள் தொடர்மாடியில் ஸ்டார்ட் ஆகாத கார்களுக்கு நான்தான் வைத்தியர். வைத்தியராக இருந்தேன் என்று எழுதுவதே இப்போது முறை.

பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு வெளியே விட்டது. புறக்கோட்டையில் புடவைக்கடையொன்றில் நின்றுகொண்டே மீதியைப் படித்தேன். தமிழைப் பத்திரிகைகளிடம் கற்றேன். கார் வித்தையை, பம்பலப்பிட்டிச் சந்தியில் என் முதல் கார் நடுவீதியில் நின்று, பின்னால் இருபது ஹோர்ன்கள் ஒன்றாக அலறிய அன்று கற்கத் தொடங்கினேன். மருதானை நடைபாதையில் ஒரு பழைய திருத்துநர் கையேடு வாங்கினேன். ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்து முடிக்க இரண்டு நாட்கள் சென்றன.

என் கருவி, என் காது. திறப்பை, அதாவது சாவியை, திருப்பினால் ஒரேயொரு ‘டக்’ — குற்றம் ஸ்டார்ட்டர் மோட்டாரில். ‘டக டக டக’ என்று வரிசையாக அடித்தால், மின்சாரம் போதவில்லை. ஒன்றுமே கேளாவிட்டால் இக்னிஷன் சுவிட்சைப் பார்க்க வேண்டும். அல்லது கியர் உரிய இடத்தில் நிற்கவில்லை. இந்த மூன்று சத்தங்களை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடங்கள் நான் பெயரோடு வாழ்ந்தேன். காலையில் கதவு தட்டப்படும். “அங்கிள், கொஞ்சம் கீழ வரேலுமா?” நான் உடனே போக மாட்டேன். சேர்ட் அணிந்து, திருநீறு பூசி, நிதானமாக இறங்குவேன். வைத்தியர் ஓடக் கூடாது அல்லவா?

அந்தக் கதவு, இந்த வருடம் தை மாதத்துக்குப் பிறகு தட்டப்படவில்லை.

தை மாதத்தில்தான் பிலோமினா டீச்சர் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தார். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடங்கள் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மகளோடு இருக்க வந்தார். வந்த இரண்டாம் வாரமே, முதல் மாடி நவாஸின் வான் நின்றபோது, படியிறங்கி வந்து, துணிப்பையொன்றிலிருந்து சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் கொண்ட, மின்சாரம் அளக்கும் மீற்றரை எடுத்தாராம். நான்கு நிமிடம். வான் புறப்பட்டுவிட்டது.

நான் அப்போது மேலே சேர்ட் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பல்கனியில் தேநீரோடு நின்று, கீழே யாருடைய பொனற் திறந்திருக்கிறது, யார் குனிந்து நிற்கிறார் என்று பார்ப்பது என் வழக்கமாயிற்று. டீச்சர் குனிந்து நின்றால் தேநீர் கசந்தது. ஒரு நாள் அவர் பார்த்த கார் ஸ்டார்ட் ஆகாமல் கராஜுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அன்று நான் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நடந்தது அதுதான்.

அவர் பெண் என்பதாலா இந்த எரிச்சல் என்று மனைவி கேட்டார். இல்லை. காரணம் அதைவிட மோசமானது. அவருக்கு உண்மையிலேயே தெரியும்.

இனி, விஜயதசமிக்கு வருகிறேன்.

ஒவ்வொரு விஜயதசமியன்றும் காரைக் கழுவி, பொனற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம் குங்குமம் இடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருடமும் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கினேன். அங்கே டீச்சர் நவாஸுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். “கடக்கரையில இருக்கோம் தம்பி. பற்றரித் தலை ரெண்டும் பூத்துப்போகும். தேச்சுக் கழுவி, கிளிப்ப மாட்டி இறுக்கிட்டு, மேல கொஞ்சம் வாசலின் பூசிடுங்க.”

நான் கேளாதவன்போல் என் பொனற்றைத் திறந்தேன். என் பற்றரியின் தலைகளும் பூத்துத்தான் இருந்தன. நாளை என்னிடமும் அவர் சொல்லிவிடுவாரே? அதற்கு முன்னர் நானே கிளிப்புகளைக் கழற்றினேன். ஈயத் தலைகள் இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்தேன். பளபளவென்று வந்தன.

அடுத்தது வாசலின். ஆனால் அது டீச்சரின் வாசலின் அல்லவா? அவர் சொன்னதை, அவர் பார்த்துக்கொண்டு நிற்கையில், நான் பூசுவதா?

கையில் சந்தனம் இருந்தது. நாளும் நல்ல நாள். இரண்டு தலைகளும் துலக்கிய விக்கிரகங்கள்போல் மின்னின... தாராளமாக அப்பினேன். அதன் மேலேயே கிளிப்புகளை மாட்டி இறுக்கினேன். ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஆனது. சந்தனம் அன்று ஈரமாக இருந்தது, பிறகு காய்ந்துவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

பிறகு ஒன்பது நாட்கள் கார் வெயிலில் நின்றது.

பத்தாம் நாள்தான் சென்ற வியாழக்கிழமை. எட்டரை மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் மனைவிக்குக் கண் பரிசோதனை. இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். திறப்பைத் திருப்பினேன். டக டக டக. மீண்டும் திருப்பினேன். டக டக.

மின்சாரம் போதவில்லை என்று என் காது சரியாகவே சொன்னது. ஆனால் பற்றரி சென்ற வருடம்தான் வாங்கியது. எனவே காதை நம்பாமல் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகித்தேன். எழுபத்திரண்டு வயதில், சலவை வேட்டியோடு, காருக்கடியில் படுத்து, ஸ்பானரால் மோட்டாரைத் தட்டினேன். பலன் இல்லை.

வாயிற் காவலாளி எட்டிப்பார்த்து, சிங்களத்தில், “பெற்றரி எக்க பெஹெலா, மஹத்தயா” என்றான். பற்றரி இறங்கிவிட்டதாம். அவனும் வைத்தியராகிவிட்டான்.

நவாஸ் வந்தான். “அங்கிள், தள்ளிப் பாப்பமா?”

“ஓட்டோ கியர். தள்ளி வேலையில்லை.”

“அப்ப டீச்சரக் கூப்பிடவா?”

“வேண்டாம்” என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் வந்துவிட்டது.

மனைவி மணிக்கூட்டைப் பார்த்தார். “ஓட்டோவிலை போவம் எண்டாலும் விடுறியள் இல்லை. டீச்சரைக் கேக்கவும் விடுறியள் இல்லை. கண் எனக்கெல்லோ?”

“அஞ்சு நிமிசம் பொறும்.”

“பத்து அஞ்சு நிமிசம் முடிஞ்சுது” என்றவர், நிமிர்ந்து இரண்டாம் மாடியை நோக்கி, “டீச்சர்... ஒருக்கா கீழை வாறியளே?” என்று கூப்பிட்டுவிட்டார்.

நான்கு பல்கனிகளில் தலைகள் தோன்றின.

டீச்சர் துணிப்பையோடு வந்தார். என்னைப் பார்த்தார், வேட்டியிலிருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்தார்.

“நீங்க கேட்ட சத்தம் என்ன ஐயா?”

“டக டக.”

“அப்ப நீங்க சரியாத்தான் கேட்டிருக்கீங்க. உள்ள உக்காந்து, நான் சொல்றப்போ சாவியத் திருப்புங்க.”

பன்னிரண்டு வருடங்கள் பிறரைத் திறப்புத் திருப்பவைத்தவன் நான். உட்கார்ந்தேன்.

“பன்னிரண்டு தசம் அஞ்சு. பற்றரியில கொறையில்ல.” மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரித் தலையிலும் மற்றதைக் கிளிப்பிலும் வைத்தார். “இப்ப திருப்புங்க... போதும். பாருங்க ஐயா, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே காட்டப்படாது. எட்டு வோல்ட் காட்டுது. கரண்ட் வீட்ட விட்டுப் புறப்படுது, வாசப்படியிலயே உக்காந்துடுது.”

எவ்வளவு அழகாகச் சொன்னார். எனக்கு அந்த உவமை மீதும் பொறாமை வந்தது.

ஆனால் அடுத்த கணமே, வாசற்படியில் உட்கார்ந்திருப்பது என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. காரைவிட்டு இறங்கினேன். டீச்சர் என் பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து, முறைப்படி முதலில் கறுப்புக் கிளிப்பையும் பிறகு சிவப்புக் கிளிப்பையும் கழற்றினார். உள்ளே, மஞ்சளும் பழுப்புமாக, ஓடுபோல் காய்ந்த பூச்சு. விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

காலைக் காற்றில் சந்தனம் மணந்தது.

அவர் என் நெற்றியிலிருந்த சந்தனத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். பல்கனிகள் சிரிக்கும்; ஒழுங்கை முழுவதும் சிரிக்கும்; என் பன்னிரண்டு வருடப் பெயர் கடலோடு போய்விடும்.

“என்ன டீச்சர் அது?” நவாஸ் எட்டிப்பார்த்தான்.

“கடக்காத்து” என்றார் டீச்சர். “உப்பும் தூசியும் சேந்து இப்பிடி அடைச்சுடும். இந்தப் பக்கம் எல்லாக் காருக்கும் வர்றதுதான்.”

“மஞ்சளாவா வரும்?”

“வரும். நீங்க அந்தப் பக்கம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க தம்பி.”

சுரண்டினார். சுரண்டிய தூளைக் கடதாசியில் மடித்துத் தம்முடைய பையிலேயே போட்டுக்கொண்டார். கிளிப்புகளை மாட்டி இறுக்கிய பிறகு, என் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாகக் கேட்டார்: “வாசலின் இருக்கா ஐயா?”

மனைவியின் கைப்பையில் இருந்தது. வாங்கி, என் கையாலேயே பூசினேன்.

திறப்பைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆயிற்று.

காலி வீதி என்னும் பெருந்தெருவில் பம்பலப்பிட்டியைத் தாண்டினோம். மனைவி, “டீச்சற்றை கை சந்தனம் மணந்தது” என்றார்.

நான் வீதியைக் கவனித்து ஓட்டினேன்.

“ஒரு சொல்லுச் சொன்னவவே?”

“இல்லை.”

“நீங்கள் எண்டால் பன்னிரண்டு வருசம் சொல்லியிருப்பியள்.”

கண் வைத்தியரிடம் கால் மணி நேரம் தாமதித்துப் போனோம், பார்த்தார்கள்.

என் பொறாமை அன்றோடு தணிந்திருக்க வேண்டும் அல்லவா? பிறர் நன்மை செய்தால் மனம் இளகும் என்றுதான் நானும் வாசித்திருக்கிறேன். என் அனுபவம் வேறு. ஒருவர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருப்பதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். மீற்றரின் உபகாரம் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். என்னைவிட நல்லவராகவும் இருப்பதை எதன் உபகாரம் என்று சொல்லித் தேற்றுவது? அந்த மனம் எந்தக் கடையில் விற்கிறது?

சனிக்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது. மாதக்கணக்கின் பின் முதல் தடவை. நவாஸ் நின்றான்.

“அங்கிள், என்ட வானுக்கும் கடக்காத்து புடிச்சிருக்கோ தெரியல்ல. டக டக எண்டு அடிக்குது. டீச்சர்ட்டப் போனேன். ‘சத்தம் கேட்டுச் சொல்றதுக்கு ஐயாவ விட ஆளில்ல, அவரக் கூட்டிட்டுப் போங்க’ எண்டு சொல்லிட்டாங்க.”

சேர்ட் அணிந்தேன். திருநீறு பூசினேன். ஆனால் இம்முறை கொஞ்சம் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கிளிப் தளர்ந்திருந்தது, இறுக்கினேன், வான் புறப்பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாம் மாடிப் பல்கனியில் டீச்சர் தேநீரோடு நின்றார். அவருக்குத் தேநீர் கசந்ததாகத் தெரியவில்லை. சிரித்தார்.

அதையும் பொறுக்க முடியவில்லை.

எங்கள் தொடர்மாடியில் ஆறு வீடுகள். நான்கு வீடுகளில், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாசிக்கிறார்கள். இரண்டாம் மாடியிலும் வாசிக்கிறார்கள் என்று மனைவி சொல்கிறார். ஆகவே இங்கேயே எழுதிவிடுகிறேன். நவாஸ், அது கடற்காற்று அல்ல. சந்தனம். பூசியவன் நான்.

மறைத்துக் காத்த பெருமை டீச்சருக்கே போகட்டும்... வெளியே சொன்ன பெருமையாவது எனக்கு இருக்க வேண்டாமா?