துரையும் கண்கட்டியும்

பயணிகளை ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்கம்பியில் காசால் மூன்று தட்டு. ஓட்டுநர் ஜெனிவால்டோ திரும்பிக்கூடப் பார்க்காமல் மருந்துக்கடை வாசலில் பேருந்தை ஓரங்கட்டுகிறார். நடத்துநர் ஜூசிலெய்டி ஏழு மாத வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே இறங்குகிறாள். கடைக்காரர் கழிப்பறைச் சாவியை நீட்டியபடி வாசலிலேயே நிற்கிறார். பேருந்துக்குள் யாரும் முணுமுணுப்பதில்லை. ரெசிஃபே நகரத்தில் ஒரு பேருந்து நின்று யாரும் முணுமுணுக்கவில்லை என்றால் அது சாதாரண விஷயமில்லை.

பதினைந்து வருடமாகக் குடல் எரிச்சல் நோயோடு குடித்தனம் நடத்துகிறவள் ஜூசி. மருத்துவர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் வைத்த பெயர் துரை. "துரை எந்திரிச்சிட்டாரு" என்றால் வண்டி நிற்க வேண்டும். முன்பெல்லாம் இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொல்வாள்: சில்லறை மாற்றணும், செருப்பு அறுந்துபோச்சு. ஒருமுறை அத்தை செத்துவிட்டதாகச் சொல்லி இறங்கி ஓடினாள். அத்தை மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்தக் கஷ்டமில்லை. பழி முழுவதையும் பிறக்காத பிள்ளை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜெனிவால்டோ மட்டும் விடமாட்டார். "துரையா, பிள்ளையா?" என்பார். "ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு வர்றாங்கண்ணே. நீங்க வண்டியப் பாருங்க."

சுகாதார நிலையத்துச் செவிலி இவொனெச்சி சொன்னபடி, தின்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறாள். பீன்ஸ்: கலவரம். பால்: கலவரம், ஊர்வலத்தோடு. ஓட்ஸ் கஞ்சி: அமைதி. மாத்திரை: இவொனெச்சியைக் கேட்காமல் ஒன்றுகூடக் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டும். எல்லாம் சரி, எடைதான் ஏறவில்லை.

"மூணு வாரம் தர்றேன். அடுத்த வியாழக்கிழமைக்குப் பிறகு வர்ற வியாழன்... இரு, அதுக்கும் அடுத்தது. அன்னைக்கும் எடை முள்ளு இங்கேயே நின்னா பஸ்ஸ மறந்துடு, வீட்டுல உக்காரு" என்றாள் இவொனெச்சி.

வீடு என்றால் மாமியார் சுலெய்க்கா. சுலெய்க்கா என்றால் காலையிலிருந்து மாலைவரை கொதிக்கும் பீன்ஸ் பானை.

இதற்கு நடுவில்தான் தினமும் இதே பேருந்தில் வரும் தையற்காரர் அடெமிர் ஒரு காரியம் செய்தார். பொரித்த பாலாடைக்கட்டிப் பணியாரத்தை அவள் கண்ணெதிரே, ஒரு வாய் வேண்டுமா என்று கேட்காமல் தின்று முடித்தார். மறுநாள் அவருடைய வலக்கண் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. கர்ப்பிணிக்குக் கொடுக்காமல் தின்றால் கண்கட்டி வரும் என்பது இங்கே ஞானஸ்நானம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாங்காதவர்களுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து பேருந்தில் ஒருவரும் தனியாகத் தின்னத் துணியவில்லை.

"இந்தா தாயி, ஒரு வாய்."

"வேணாம்க்கா, வயிறு சரியில்ல."

"உன் வயிறு இருக்கட்டும். என் கண்ணு என்னாகிறது?"

வடை, சுண்டக் காய்ச்சிய பால் உருண்டை, வெங்காயம் மிதக்கும் இறைச்சி அப்பம். மறுத்தால் மனம் நோகும். தின்றால் துரை எழுவார். துரை எழுந்தார். ஒரே நடையில் நான்கு முறை. முதல் இரண்டு வாரமும் இப்படியே போக, நோட்டில் கலவரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு ஆசை வந்திருக்கு."

கர்ப்பிணியின் ஆசைக்கு முன்னால் நகராட்சி ஆணையெல்லாம் தூசு.

"அவிச்ச மரவள்ளி. உப்பு மட்டும். வெள்ளச் சோறு. வாழைப்பழம். அதுல வெங்காயம், பூண்டு பட்டுச்சுன்னா ரெண்டு கண்ணுலயும் கட்டி."

"பொரிச்சது எதுவும் வேணாமா தாயி?" அடெமிர் பரிதாபமாகக் கேட்டார்.

"பிள்ள கேக்கலண்ணே. நான் என்ன செய்ய?"

செவ்வாய்க்கிழமை பேருந்து முழுக்க அவித்த மரவள்ளி மணத்தது. அவள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கவளமாக வாங்கித் தின்றாள். துரை அயர்ந்து தூங்கினார்.

வியாழக்கிழமை எடைப்பொறியின் முள் பழைய இடத்தைவிட அரைக் கிலோ ஏறி நின்றது. இவொனெச்சி நம்பாமல் அவளை இறக்கி, செருப்பைக் கழற்றச் சொல்லி, மறுபடி ஏற்றினாள்.

"என்னத்தடி தின்ன?"

"ரூட்டு முழுசையும்."

"சரி, போ. போய் உன் கம்பிக்குப் பக்கத்துல உக்காரு."

அன்று மதியமே இருக்கைக்குத் திரும்பிவிட்டாள். கடைசித் துண்டு மரவள்ளியை வாய்க்குக் கொண்டுபோனபோது எதிரே அடெமிர், வீக்கம் வடிந்த கண்ணோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூசியின் கை நின்றது. ஒரு விரலால் தன் இமையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பிறகு துண்டைப் பிட்டு, பெரிய பாதியைச் சுழல்கம்பிக்கு மேலாக அவரிடம் நீட்டினாள்.