உஷாந்தி விழுந்த இடங்கள்

உஷாந்தி மிஸ்ஸுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. அன்றிலிருந்து நாற்பது வருடமாக இடது காலை இரும்புக் கலிப்பர்தான் தாங்கி நிற்கிறது. அதைப் போட்டால் முழங்கால் மடியாது; மடியாததால்தான் அவரால் நிற்க முடிகிறது. சேலையைக் கொஞ்சம் தழையக் கட்டினால் கலிப்பர் தெரியாது. நடையில் இருக்கும் சாய்வையும் தோள்பையின் பாரம்போலக் காட்டப் பழகியிருந்தார்.

பம்பலப்பிட்டியில் அவர் கணிதம் படிப்பிக்கும் பள்ளியில் உயர்தர வகுப்பு மூன்றாம் மாடியில் இருந்தது. அந்த வகுப்பு அவருக்கு வேண்டும். ஏறுவது பிரச்சினையில்லை. இறங்கும்போதுதான் கைபிடியைப் பற்றிக்கொண்டு, நண்டுபோல ஒரு பக்கமாக, ஒவ்வொரு படியாக வரவேண்டும். ஒருமுறை விழுந்தது தெரிந்தாலும் பள்ளி அதிபர் கீழ்மாடியை விட்டு அசைய விடமாட்டார். ஆகவே உஷாந்தி மிஸ் விழுவதே இல்லை.

கொட்டாஞ்சேனைக் கிளினிக் ஒன்றில் கணினி பொருத்திய கால்தாங்கி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கணவர் சயந்தனோடு போனார். அங்கே முப்பது வருடமாகக் கலிப்பர் செய்துவரும் ஸ்ரனிஸ்லாஸ் முழங்காலை நீட்டிப் பார்த்தார், இடுப்பிலிருந்து காலைத் தூக்கச் சொன்னார், நிறை பார்த்தார். எல்லாம் சரி. பிறகு படிவத்தை எடுத்தார்.

"ஆறு மாசத்தில எத்தனை தரம் விழுந்தீங்க மிஸ்?"

"விழேல்லை."

சயந்தன் யன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "அப்ப மாக்கெட்டில கத்தரிக்காய்க் குவியலுக்கு மேல என்ன செய்தனீர்?"

"அது சும்மா இருந்தனான்."

"பஸ்ஸில கொண்டக்டரைக் கட்டிப்பிடிச்சது?"

"இஞ்சாருங்கோ, வாயை மூடுறீங்களோ!"

ஸ்ரனிஸ்லாஸ் பேனாவை வைத்துவிட்டார். "மிஸ், பழைய கலிப்பரோட பத்திரமா நடக்கிறவங்களுக்கு இது தேவையில்லை எண்டு டொக்டர் திருப்பி அனுப்பிடுவார். உங்கட கால் ரெடி. காரணம்தான் இல்ல."

உஷாந்தி படிவத்தைப் பார்த்தார். "ஸ்கூலுக்குத் தெரியவருமோ?"

"இந்த அலுமாரிக்கு மட்டும்தான் தெரியும்."

உஷாந்தி படிவத்தை இழுத்து, கணக்கு வாத்தியார் ஆனபடியால் இலக்கம் போட்டே எழுதினார். சந்தை. பஸ். கோயில் வாசலில் சப்பாத்தோடு கலிப்பரைக் கழற்றும்போது இரண்டு தரம். வெள்ளவத்தை ஸ்டேஷன் படி. யாரும் வருமுன் எழும்பிவிட்ட பள்ளி விறாந்தை... பதினொன்றில் நின்றது. எட்டிப் பார்த்த சயந்தனுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்தது நாலுதான்.

அடுத்த கிழமை டொக்டர் முன்னால் பரிசோதனைத் தாங்கியைப் பூட்டிப் படிக்கட்டின் உச்சியில் நிறுத்தினார்கள்.

"நேரா இறங்குங்க மிஸ். பாரத்தை இடது காலில விடுங்க."

விட்டார். நாற்பது வருடம் மடியாத முழங்கால் தாங்கியின் பிடியில் மெல்ல மடிந்தது.

"ஐயோ, விழுறன்!"

"விழேல்ல மிஸ். இறங்குறீங்க."

வலது கால் தானாகவே கீழ்ப்படியில் போய் நின்றது. உஷாந்தி குனிந்து பார்த்தார். கைபிடியை விட்டு அடுத்த படிக்கு இடது காலை வைத்தார். டொக்டர் படிவத்தில் கையெழுத்துப் போடுவதைக்கூடக் கவனிக்கவில்லை. கீழே வந்ததும் ஸ்ரனிஸ்லாஸைப் பார்த்துக் கேட்டார்:

"திரும்பவும் ஒருக்கா ஏறட்டோ?"