அமாவாசையன்று கீழ்க்கல்லில்

என் அண்ணனுக்குக் கடல் இல்லாத வியாசர்பாடியிலிருந்து பெண் எடுத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாவது கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். வந்தவளோ பன்னிரண்டாவது, அதுவும் சயின்ஸ் குரூப். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத் தேர்வுக்குக் கடிதமும் வாங்கி வைத்திருந்தாள். விடிந்ததும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் திருவொற்றியூர் மணலில் ஓடுவாள். அம்மா அவளுக்கு முட்டை அவித்து வைப்பாள். எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறு பெயரெல்லாம் வேண்டாம்.

எங்கள் தெருவில் அப்போது கக்கூஸ் கிடையாது. கடலரிப்புக்குக் கொட்டிய பாறாங்கற்கள்தான் பெண்களுக்கு. ரோட்டை ஒட்டிய மேல்கல்லில் உட்கார்ந்தால் மணலிக்குப் போகும் டேங்கர் லாரிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கீழ்க்கல்லில் மறைவு உண்டு, ஆனால் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்து இறங்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி காலையில் எங்களில் யாரும் கீழே போக மாட்டோம். பார்க்கிறவன் பார்த்துத் தொலையட்டும் என்று மேலேயே உட்காருவோம்.

அண்ணி வந்தது தேய்பிறை அஷ்டமி சமயம். அந்த வாரம் காலையில் தண்ணீர் இறங்கியிருக்கும், கீழ்க்கல் காய்ந்து கிடக்கும். நான்தான் தினமும் கூட்டிப் போனேன்.

அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் அண்ணனுக்குப் பாடம் எடுத்தாள். நிலாதான் கடலை இழுக்கிறதாம். அதற்கு நேராக இருக்கிற பக்கம் தண்ணீர் மேடு கட்டுமாம். பூமி சுற்றச் சுற்ற அந்த மேடு ஒவ்வொரு ஊருக்கும் வருமாம். நாளைக்கு நிலாவே கிடையாது, அதனால் கடல் சும்மா கிடக்கும் என்று முடித்தாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, சொன்னதைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். கடைசியில் சொன்னது தப்பு என்று தெரியும், ஏன் தப்பு என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள், மற்ற பெண்கள் கிளம்புவதற்கு முன்பே என்னை எழுப்பினாள். வயிறு வலிக்கிறது, நீ மட்டும் போய்விட்டு வா என்றேன். மேலேயா கீழேயா என்று கேட்டாள்.

"கீழயே போ அண்ணி. இன்னிக்கி நெலா கெடையாதுன்னு நீதான சொன்ன."

அரை மணி நேரம் கழித்து நாலு பெண்கள் அவளைத் தூக்கி வந்தார்கள். அலை தள்ளியதில் இரண்டு கல்லுக்கு நடுவே வலது கால் மாட்டி, கணுக்கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. உட்கார்ந்த கோலத்தில் விழுந்தவளைத் தெருவே பார்த்தது. வலியில் கத்தாமல், ஓட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நான், படித்த படிப்பு கடலுக்குத் தெரியவில்லை போல என்றேன். தெரு சிரித்தது. எனக்கு மனசு குளிர்ந்தது.

ஓட்டத் தேர்வு நாளில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறாள்.

பத்து வருடம் கழித்து அவளுடைய மகள் பாடப் புத்தகத்தோடு வந்தாள். அண்ணி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அமாவாசையில் நிலா எங்கேயும் போய்விடுவதில்லை, சூரியன் இருக்கும் பக்கமாக நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் தண்ணீர் கூடுதலாக ஏறும். பௌர்ணமியில் எதிரெதிரே நின்றாலும் அதே கதைதான். அரை நிலாவில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் ஏற்றம் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த எனக்கும் அன்றைக்குத்தான் அது விளங்கியது.

இதெல்லாம் தெரியாமலா கல்லில் இறங்கிக் காலை உடைத்துக்கொண்டாய் என்று மகள் கேட்டாள்.

"எனுக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சவங்க வயித்து வலின்னு படுத்துகினு இருந்தாங்க."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. குழந்தைதான் திரும்பி என்னைப் பார்த்தது.