முதுகைக் காட்டி நின்றவர்

ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏச்சு தினப்படி. வண்டி ஓட்டுபவரைப் பைலட் என்போம். என் வண்டியின் பைலட் எவ்வளவு திட்டினாலும் வாய் திறக்காத மனிதர். உள்ளே நோயாளியைக் கவனிக்கும் நான் அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன்.

அன்று காலை தொழிற்சாலைகளின் ஷிஃப்ட் பஸ்கள் ஒரகடம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டிக்குள் நிறைமாதப் பெண். அவள் கணவன் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தான். வல்லக்கோட்டை அருகே குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. ஓரங்கட்டச் சொன்னேன். அந்த நேரத்தில் வண்டி குலுங்கக் கூடாது.

பிரசவம் என்று வண்டியை நிறுத்தினால் எங்கள் பைலட் இறங்கிப்போய்ப் பின்கதவை மறைத்து, முதுகைக் காட்டி நின்றுவிடுவார். நான் கூப்பிடும்வரை திரும்ப மாட்டார். அன்றும் அப்படித்தான் நின்றார். எதிரே டீக்கடை. பாவம் என்று கடைக்காரர் தானாகவே வந்து அவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்திருக்கிறார்.

பின்னால் வந்த கணவனின் கண்ணில் அந்த கிளாஸ்தான் பட்டது.

"பொண்டாட்டி உள்ள கத்திக்கினு கீறா, ஒனக்கு டீ கேக்குதா?" என்று சட்டையைப் பிடித்துவிட்டான்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தும் அவன் ஆத்திரம் ஆறவில்லை. டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள் என்று புகார் கொடுத்தான். விசாரணை முடியும்வரை பைலட் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 

விசாரணைக்கு அவன் மனைவியோடும் குழந்தையோடும் வந்தான். நடந்ததைச் சொன்னேன். கூட வேலை செய்பவள் அப்படித்தான் சொல்வாள் என்றார் அதிகாரி. பைலட் வாயே திறக்கவில்லை. ஒரு பெண்ணின் பிரசவத்தைப் புருஷன் எதிரில் எப்படிப் பேசுவது என்று கூச்சமாம். அவரையே நாலு சாத்தலாம் போலிருந்தது எனக்கு.

அப்போது குழந்தை பசித்து அழுதது. அவள் மூலையில் உட்கார்ந்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். உடனே பைலட் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். "அன்னிக்கும் இப்டித்தான்யா நின்னாரு. வலியில கதவுக் கண்ணாடியையே பாத்துக்கினு இருந்தேன். அவரு முதுகு தவிர ஒண்ணும் தெரில."

அவன் எழுந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். நேராகப் போய், பைலட்டின் தோளில் கை போட்டு, அவனும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அதிகாரியும் நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டு, "நாளைலேர்ந்து நீயே வண்டிய எடுப்பா" என்று சுவரிடம் சொன்னார்.

குழந்தை குடித்து முடிக்கும்வரை மூவரும் திரும்பவில்லை. அந்த முதுகுகளைப் பார்த்து நானும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.